சம்பளம் கூட்டினால் பாண் விலை கூடுமா?

வாசகியின் கேள்வி:

"திருகோணமலை நகரத்தில் ஒரு பேக்கரியில் காசு மேசையில் இருக்கிறேன். கணக்கு எழுதுவதும் நான்தான். 2021 கடைசியில் என் சம்பளம் 28,000 ரூபாய், இப்போது 38,000. அப்போது றாத்தல் பாண் 75 ரூபாய்க்கு விற்றோம், இப்போது 130. போன மாதம் 45,000 தரச் சொல்லிக் கேட்டேன். 'உங்களுக்குக் கூட்டினால் ஏழு பேருக்கும் கூட்ட வேணும். பிறகு பாண் விலையைக் கூட்ட வேணும். பாண் விலை கூடினால் நீங்கள் திரும்ப வந்து நிப்பீங்கள். இது முடியாத கதை. அரசாங்கம் விட்ட பிழைக்கு நான் என்ன செய்ய?' என்கிறார் முதலாளி. செய்தியில் பணவீக்கம் இரண்டு வீதம்தான் என்கிறார்கள். பிறகேன் ஒரு சாமானும் மலியவில்லை? கணவர் ஓட்டோ ஓடுகிறார். அரசாங்கம் விலையைக் கட்டுப்படுத்த வேணும், இல்லாவிட்டால் காசை அச்சடித்துச் சனத்துக்குக் குடுக்க வேணும் என்பது அவருடைய கதை. யார் சொல்வது சரி? நான் திரும்பக் கேட்கலாமா?"
– உவர்மலையிலிருந்து ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் போன முறை கேட்ட மாதிரிக் கேட்காதீர்கள். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கணக்காளர். இந்த ஊரில் கடை, பேக்கரி, மீன் வாடி, சின்ன ஹோட்டல் என்று நடத்துகிறவர்களுக்குக் கணக்குப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. எனக்குக் காசு தருகிறவர்கள் உங்கள் முதலாளியைப் போன்றவர்கள். அதனால் அவர்மீது எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. அவர் சொன்ன கதையை மாதத்துக்கு நாலு பேர் வாயில் கேட்கிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு காலமாக ஓடுகிறது.

சரி, பணவீக்கத்தில் தொடங்குவோம். பணவீக்கம் இரண்டு சதவீதம் என்றால், போன வருடம் இதே மாதம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்கள் இப்போது 102 ரூபாய். அதற்கு மேல் அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. 2021இல் இருந்த விலைக்குத் திரும்பிவிட்டோம் என்று அது சொல்லவே இல்லை. கோணேசர் கோவிலுக்குப் போகும்போது கோட்டை வாசலிலிருந்து பாதை ஏறிக்கொண்டே போகும், ஓரிடத்தில் கொஞ்சம் சமமாகும். அங்கே மூச்சு வாங்குவது குறையும். அதற்காகக் கடற்கரைக்கு இறங்கி வந்துவிட்டோம் என்று யாரும் நினைப்பதில்லையே.

எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறோம் என்பதை, வீட்டுச் சாமான்களின் விலையை மாதா மாதம் அளக்கும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை வைத்துப் பார்க்கலாம். 2021 டிசம்பரில் ஒரு வீட்டின் மாதச் செலவு 100 ரூபாய் என்று வையுங்கள். 2022 டிசம்பரில் அது 57.2 சதவீதம் ஏறி 157 ஆனது. அந்த வருடம் செப்டெம்பரில்தான் உச்சம்: மொத்தமாக 69.8 சதவீதம், சாப்பாட்டுச் சாமான் மட்டும் 94.9 சதவீதம். 2023 டிசம்பரில் இன்னுமொரு 4 சதவீதம் ஏறி 163ஐத் தாண்டியது. 2024 டிசம்பரில் 1.7 சதவீதம் இறங்கி, 161க்குக் கிட்ட வந்து நின்றது. 2025 பெப்ரவரியில் விலைகள் முந்தைய வருடத்தைவிட 4.2 சதவீதம் குறைந்திருந்தன, முக்கியமாக அந்த ஜனவரியில் மின் கட்டணத்தைச் சராசரியாக 20 சதவீதம் குறைத்ததால். அந்த இறக்கம் நிலைக்கவில்லை. பிறகு மெல்ல ஏறத் தொடங்கிவிட்டது.

இனி உங்கள் 28,000 ரூபாயை எடுங்கள். 100 ரூபாய் 160 ரூபாய் 70 சதம் ஆகிவிட்டது என்றால், அன்றைய 28,000 ரூபாய்க்கு ஈடு, 2024 டிசம்பர் கணக்கிலேயே 44,996 ரூபாய். நீங்கள் கேட்டது 45,000. கணக்குப் போட்டுத்தான் கேட்டீர்களா, வீட்டுச் செலவைப் பார்த்து மனதில் வந்ததைக் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. எப்படியானாலும் நான்கு ரூபாய்தான் பிசகு. நாலு வருடம் மாதா மாதம் கடையில் நின்று காசு எண்ணிக் கொடுத்தவரின் மனக்கணக்கு அப்படித்தான் இருக்கும்.

ஆகவே உங்கள் முதலாளிக்கு முதலில் விளங்க வேண்டியது, நீங்கள் கூடுதலாக எதையும் கேட்கவில்லை என்பது. 2021இல் அவரே மனம் ஒப்பித் தந்த அதே சம்பளத்தைத்தான் கேட்கிறீர்கள். இதைப் பாணிலேயே காட்டலாம். 28,000 ரூபாய்க்கு அன்று 373 றாத்தல் பாண் வாங்கலாம். 38,000 ரூபாய்க்கு இன்று 292 வாங்கலாம். 81 றாத்தல் எங்கே போயிற்று? பாணின் விலை 73 சதவீதம் ஏறியது, அதை விற்கிறவரின் சம்பளம் 36 சதவீதம் ஏறியது. இந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்து, சம்பளம் கூட்டினால் விலை கூடும் என்ற கதை. உங்கள் முதலாளியிடம் நான் கேட்பது ஒரேயொரு கேள்வி. 2022இல் பாண் விலை அப்படித் துள்ளியதே, அதற்கு முதல் மாதம் நீங்கள் யாருக்குச் சம்பளம் கூட்டினீர்கள்?

யாருக்கும் இல்லை. விலைதான் முதலில் ஓடியது. சம்பளம் இன்றுவரை பின்னால் நொண்டி நொண்டி வந்துகொண்டிருக்கிறது. விலை ஓடியதற்குக் காரணங்கள் வேறு. 2019 டிசம்பரில் வற் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். அரசாங்கத்தின் வருமானம் விழுந்தது, செலவு விழவில்லை. நடுவில் விழுந்த பள்ளத்தை மத்திய வங்கி நிரப்பியது. 2021 மே மாதத்திலிருந்து இரசாயன உரத்தை இறக்குமதி செய்யத் தடை போட்டார்கள். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயல் செய்தவர்களுக்கு அந்தப் போகம் எப்படிப் போனது என்று நான் சொல்லத் தேவையில்லை. டொலரை 203 ரூபாயில் பிடித்து வைத்திருந்து 2022 மார்ச்சில் கையை விட்டார்கள். மே மாதம் அது 360இல் நின்றது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடே அறிவித்தது. உக்ரைன் போரும் அந்த நேரத்தில்தான் வந்து சேர்ந்தது.

டொலருக்கும் உங்கள் பாணுக்கும் உள்ள தொடர்பைப் பார்க்க நம் ஊர் ஆட்கள் தூரப் போக வேண்டாம். சீனக்குடா மா ஆலைக்குக் கப்பல் வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நாட்டின் ஒரு பெரிய பங்கு மா அங்கேதான் அரைபடுகிறது. ஆனால் அரைபடும் கோதுமையில் ஒரு மணிகூட இந்த மண்ணில் விளைந்ததில்லை, எல்லாம் டொலர் கொடுத்து வாங்கியது. ஆலைக்குப் பக்கத்தில் பேக்கரி வைத்திருந்தாலும் உலகச் சந்தை விலைக்கும் டொலருக்கும் கட்டுப்பட்டுத்தான் பாண் சுட வேண்டும். உங்கள் முதலாளி 'அரசாங்கம் விட்ட பிழை' என்று சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

ஆனால் அந்தப் பிழையின் பில்லை யார் கட்டினார்கள் என்பதில் அவர் கணக்குப் பிழைக்கிறது. கடிதத்தில், மேலே நான் போடாத பகுதியில், நீங்கள் எழுதியிருந்ததை வைத்தே பார்ப்போம். ஒரு நாளைக்கு 700 றாத்தல், மாதம் 26 நாள், ஆக 18,200 றாத்தல். வேலை செய்பவர்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் உங்களுக்குக் கேட்ட அதே 7,000 ரூபாயைக் கூட்டுவோம். அது 49,000. அதற்கு முதலாளி கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதமும் சேர்த்தால் 7,350. மொத்தம் 56,350 ரூபாய். இதை 18,200 ஆல் பிரித்தால் ஒரு றாத்தலுக்கு 3 ரூபாய் 10 சதம்.

உங்கள் எல்லோருக்கும் சம்பளம் கூட்டி, அதில் ஒரு சதம்கூட முதலாளி தன் கையிலிருந்து போடாமல், முழுவதையும் பாணின் தலையிலேயே ஏற்றினாலும் 130 ரூபாய்ப் பாண் 133 ஆகும். அது 2.4 சதவீதம். உங்களுக்குக் கூடுவது 18 சதவீதம். பணிஸ், கேக், மாலுபாண், றோல்ஸ் எல்லாம் பாரத்தில் பங்கெடுத்தால் பாணுக்கு இன்னும் குறையும். சம்பளமும் விலையும் ஒன்றையொன்று அப்படியே துரத்திக்கொண்டு ஓட வேண்டுமென்றால், ஒரு பாணின் விலையில் முழுக்க முழுக்கச் சம்பளமே இருக்க வேண்டும். அப்படி இல்லையே. மா இருக்கிறது, விறகு இருக்கிறது, கரண்ட் பில் இருக்கிறது, கடை வாடகை இருக்கிறது.

மாவை எடுத்துப் பாருங்கள். 50 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 160 றாத்தல் பாண் போடலாம். மா விலை கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் மூட்டைக்கு 500 ரூபாய், பாணுக்கு 3 ரூபாய்ச் சொச்சம். அதாவது ஏழு பேரின் சம்பள உயர்வும் மாவின் பத்து ரூபாயும் ஒரே எடை. மா பத்து ரூபாய் ஏறினால் உங்கள் முதலாளி என்ன செய்வார்? அன்று பின்னேரமே விலைப் பலகையை அழித்து எழுதுவார், அதையும் உங்களைக் கொண்டுதான் எழுதுவிப்பார். அப்போது 'முடியாத கதை' என்று ஒரு பேச்சும் வராது. மா விற்கிறவரோடு பேரம் பேச முடியாது, உங்களோடு பேசலாம். வித்தியாசம் அவ்வளவுதான்.

இவ்வளவு சொன்ன பிறகு அவர் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் கணக்காளன் இல்லை. மாதம் 56,000 ரூபாய் சின்ன பேக்கரிக்குச் சின்னக் காசல்ல. பக்கத்துக் கடை 130இல் நிற்கும்போது இவர் 133 என்று எழுதினால், அந்த மூன்று ரூபாய்க்காக நடந்து போகிற சனம் நம் ஊரில் உண்டு. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி 14.5 ஆனது, அடுத்த வருடம் மார்ச்சில் 16.5 வரை போனது. அந்த நேரம் வங்கிக் கடனில் அடுப்புக் கட்டியிருந்த பேக்கரிக்காரர்கள் பட்ட பாட்டை நான் பேரேட்டில் பார்த்திருக்கிறேன். வட்டியை ஏற்றாமல் பணவீக்கத்தை அடக்கியிருக்க முடியாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அடங்கிய விதம் எப்படி? சனம் வாங்குவதைக் குறைத்தது. இரண்டு பாண் வாங்கிய வீடு ஒன்று வாங்கியது. சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றது. பணவீக்கத்தை இறக்கியது மத்திய வங்கி என்று பத்திரிகையில் வரும், இறக்கிய செலவைக் கட்டியவர்கள் சம்பளக்காரர்களும் சின்ன முதலாளிமாரும். நீங்கள் இரண்டு பேரும் ஒரே பில்லைப் பங்கு போட்டவர்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு அவரோடு கதையுங்கள்.

இனி உங்கள் கணவரின் இரண்டு யோசனைகள்.

காசு அச்சடிப்பது. அதற்கு அச்சு இயந்திரம் ஓட வேண்டியதில்லை. அரசாங்கம் திறைசேரி உண்டியல் என்ற கடன் பத்திரத்தை எழுதும், மத்திய வங்கி அதை வாங்கிக்கொண்டு அரசாங்கத்தின் கணக்கில் காசை வரவு வைக்கும். 2019 முடிவில் மத்திய வங்கியின் கையிலிருந்த இப்படியான அரசாங்கப் பத்திரங்கள் 100 பில்லியன் ரூபாய்க்கும் குறைவு. 2022 முடிவில் 2,500 பில்லியனுக்கு மேல். அந்தக் காசில்தான் சம்பளமும் ஓய்வூதியமும் நிவாரணமும் போயின. வாங்கிய சனம் சந்தோஷப்பட்டது. ஆனால் சாமான் கூடவில்லையே? சுற்றுகிற காசு கூடி, சாமானும் டொலரும் குறைந்தால் நடப்பது என்ன என்பதை ஓட்டோ ஓடுகிறவருக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. 2022 ஜூனில் பெற்றோல் 470 ரூபாய். அதற்குப் பிறகு வந்த பங்கீட்டில் ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர். பிரிட்டிஷ்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நிற்கிற ஊரில் நாங்கள் கானோடு வரிசையில் நின்றோம். தாங்கி இருந்தென்ன, உள்ளே ஊற்ற டொலர் வேண்டுமே.

இப்போது அந்தக் கதவைச் சட்டம் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டப்படி, அரசாங்கத்திடமிருந்து நேரடியாக உண்டியல் வாங்கிக் காசு கொடுக்க மத்திய வங்கிக்குத் தடை. அதற்குக் கொடுத்திருக்கும் இலக்கு பணவீக்கத்தை 5 சதவீதத்தில் வைத்திருப்பது. இந்த 5ஐக் கொஞ்சம் யோசியுங்கள், தங்கச்சி. விலையைக் குறைப்பதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. வருடம் 5 சதவீதம் ஏறுவதுதான் திட்டம். சம்பளம் ஐந்து வருடம் அசையாமல் நின்றால், எல்லாம் திட்டப்படியே நடந்தாலும், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிடும். ஆகவே 'விலை இறங்கட்டும், பிறகு பார்ப்போம்' என்று முதலாளி சொன்னால் அந்த 'பிறகு' வரப்போவதில்லை.

அடுத்தது விலைக் கட்டுப்பாடு. 2022 ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய். ஏழைகளின் அடுப்புக்கும் மீன்பிடிக்கும் என்று அரசாங்கம் குறைத்து வைத்த விலை. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மாதங்களில் திருக்கடலூர்ப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: 87 ரூபாய் என்ற விலை இருந்தது, எண்ணெய் இல்லை. போட்டுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. நான் கணக்குப் பார்க்கும் ஒரு மீன் வாடியின் அந்த நாள் புத்தகத்தில் பக்கம் பக்கமாக 'தொழில் இல்லை' என்றுதான் எழுதியிருக்கும். ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ரூபாய் ஆக்கினார்கள். எண்ணெய் வரத் தொடங்கியது, அந்த விலைக்கு அடித்துக் கடலுக்குப் போனால் கட்டுபடியாகவில்லை. இரண்டு பக்கமும் அடி.

அரிசியிலும் இதே கதை. 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு 230 ரூபாய் என்று ஆகக்கூடிய சில்லறை விலை வைத்தார்கள், கடைகளில் நாட்டரிசியைக் காணோம். இரண்டு மாதம் கழித்து, விவசாயிக்காக நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என்று கொள்வனவு விலை அறிவித்தார்கள். நெல் விற்கிறவனும் நம் ஆள், சோறு தின்கிறவனும் நம் ஆள். விலை என்பது ஒருவரின் வருமானம். அதை எழுத்தில் குறைக்கும்போது குறைகிற காசை யார் போடுவது என்றும் எழுத வேண்டும். அரசாங்கம் போடும் என்றால் அது நம் வரி. யாரும் போடாவிட்டால் சாமான் ஒளிந்துகொள்ளும். பெரிய ஆலைக்காரர்கள் நெல்லைப் பதுக்கி விளையாடும்போது அரசாங்கம் கையில் கையிருப்பு வைத்துச் சந்தையில் இறக்குவது வேறு விடயம், அதை நான் ஆதரிப்பேன். வெறும் வர்த்தமானி அறிவித்தலால் அரிசி வேகாது.

அப்படியானால் அரசாங்கம் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டுமா? உங்கள் முதலாளி அதைத்தான் விரும்புவார். நான் அந்தக் கட்சியில் இல்லை. விலையில் கை வைத்து அரசாங்கம் தோற்ற அளவுக்குச் சம்பளத்தின் அடிமட்டத்தில் கை வைத்துத் தோற்கவில்லை. தேசிய ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் 2016இல் வந்தது, அன்று மாதம் 10,000 ரூபாய். 2021இல் 12,500. நாடு முழுக்கத் தலைகீழாகப் புரண்ட 2022, 2023 இரண்டு வருடமும் அதே 12,500. இதைத்தான் நான் அரசாங்கத்தின் பெரிய பிழை என்பேன், யாரும் பேசாத பிழை. 2024இல் 17,500 ஆக்கினார்கள். 2025 ஏப்ரல் முதல் 27,000, 2026 ஜனவரி முதல் 30,000; நாட்சம்பளம் என்றால் 1,200.

பாருங்கள், 17,500இலிருந்து 27,000 என்பது 54 சதவீதத் தாவல். உங்கள் முதலாளியின் கதைப்படி 2025இல் விலைகள் பற்றி எரிந்திருக்க வேண்டும். அந்த வருடத்தில் ஒரு மாதம்கூடப் பணவீக்கம் 5 சதவீதத்தைத் தொடவில்லை. பல கடைகள் ஏற்கெனவே 27,000க்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தன, அதனால் சட்டம் பலரைத் தொடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சட்டம் ஒரு தரை போடுகிறது, அவ்வளவுதான். 38,000 வாங்கும் உங்களை அது தூக்கிவிடாது.

அரச ஊழியர்களின் கதை வேறு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அவர்களின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000க்குப் படிப்படியாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். முன்போல அச்சடித்து அல்ல, வரியில் இருந்து. நீங்கள் வாங்கும் சோப்பில், உங்கள் தொலைபேசிக் கட்டணத்தில் இருக்கும் 18 சதவீத வற் வரியும் அதில் இருக்கிறது. அரசாங்கம் தன் ஆட்களுக்குப் போட்டு வைக்கும் சம்பளம் தனியார் கடைகளையும் மெல்ல இழுக்கும். பேக்கரிப் பெடியன் கச்சேரியில் சிற்றூழியர் வேலை கிடைத்தால் அடுத்த நாளே போய்விடுவான் என்று உங்கள் முதலாளிக்கும் தெரியும். நீங்கள் பேசும்போது இது உங்களுக்குப் பலம்.

இப்போது வேலைக்கு வருவோம். கடிதத்தின் கடைசியில், மேலே நான் போடாத பகுதியில், இரண்டு விடயம் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் கேள்வியைவிட அவைதான் பெரிது.

ஒன்று, 38,000இல் 20,000ஐத்தான் 'சம்பளம்' என்று எழுதி அதற்கு மட்டும் சேமலாப நிதி கட்டுகிறார்கள், மிச்சம் 18,000 'படி'. இது நம் ஊர்க் கடைகளில் பழகிப்போன கூத்து. வாழ்க்கைச் செலவுப் படி போன்றவையும் சேமலாப நிதிக் கணக்கில் சேர வேண்டும். மேலதிக நேரக் காசுதான் சேராது. அந்த 18,000க்கு முதலாளி இரண்டு நிதிக்குமாகக் கட்டாமல் விடுவது மாதம் 2,700 ரூபாய், வருடத்துக்கு 32,400. நீங்கள் 50 வயதில் கேட்கக்கூடிய காசு. ஆகவே 45,000 கிடைத்தாலும், கூடும் 7,000ஐ 'படி' என்று போட விடாதீர்கள். அடிப்படைச் சம்பளத்தில் போடச் சொல்லுங்கள். 6,000தான் தருவேன், ஆனால் அடிப்படையில் தருகிறேன் என்று அவர் சொன்னால் யோசிக்காமல் வாங்குங்கள்.

மற்றது, மூதூரில் இருந்து வந்து கடையிலேயே தங்கி நிற்கும் அந்த இரண்டு பெடியன்கள். சாப்பாடும் இடமும் கொடுத்து நாளுக்கு 1,000 ரூபாய், சேமலாப நிதி இல்லை. சட்டப்படி 1,200க்குக் கீழே போக முடியாது. ஒரே ஒருவர் வேலை செய்தாலும், முதல் நாளிலிருந்தே சேமலாப நிதி கட்ட வேண்டும். போதாததற்குப் பேக்கரித் தொழிலுக்கென்று தனியாக ஒரு சம்பளச் சபையே இருக்கிறது. 'சாப்பாடு கொடுக்கிறேனே' என்று முதலாளி சொல்வார். அதைத் தீர்மானிப்பது அவரல்ல, தொழில் திணைக்களம். ஒரு நாள் அந்தப் பெடியன்களில் ஒருவன் கோபித்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போனால், நிலுவையும் அதற்கு மேல் மிகைக்கட்டணமும் சேர்ந்து வரும். அப்படி வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தவர்கள் இருக்கிறார்கள். அப்போது என்னால் செய்ய முடிந்தது தவணை கேட்டு எழுதிக் கொடுப்பது மட்டும்தான்.

அதனால் பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள். முதலில் உங்கள் சம்பளத்தைப் பேச வேண்டாம். "பெடியன்களின்ட கணக்கைச் சரிப்படுத்தி வைப்பம், பிறகு கரைச்சல் வரும்" என்று சொல்லுங்கள். கணக்கு எழுதுகிறவர் சொல்ல வேண்டியதுதான் அது. அவரைக் காப்பாற்றத்தான் பேசுகிறீர்கள் என்பது அவருக்கு விளங்கும். இரண்டு பேருக்கும் நாளுக்கு 200 கூட்டினால் மாதம் 10,400தான்.

அதற்குப் பிறகு அந்தத் துண்டை எடுங்கள்: 373 றாத்தல், 292 றாத்தல். பாணுக்கு மூன்று ரூபாய் என்ற கணக்கையும் காட்டுங்கள், ஆனால் "விலையைக் கூட்டுங்கோ" என்று சொல்லாதீர்கள். அது அவர் முடிவு. ஏழு பேருக்கும் ஒரே நாளில் கூட்ட முடியாது என்றால், இப்போது பாதி, ஆறு மாதத்தில் மிச்சம் என்று கேளுங்கள். அதை ஒரு கடிதத்தில் எழுதி வாங்குங்கள். வருடா வருடம் சம்பளத்தைப் பார்ப்பதற்கு ஒரு மாதத்தையும் அதிலேயே குறித்துக்கொண்டால் நல்லது. சித்திரை வேண்டாம், புத்தாண்டுச் செலவில் அவர் இருப்பார்.

ஒரு எச்சரிக்கை. காசு மேசையில் இருக்கிறவர் கடையின் கணக்கை வெளியே கதைக்கக் கூடாது. எனக்கு எழுதியதில் பிழையில்லை, கடையை யாரும் கண்டுபிடிக்காதபடிதான் இங்கே போட்டிருக்கிறேன். ஆனால் கூட வேலை செய்கிற மற்றவர்களிடம் லாபம் இவ்வளவு, நட்டம் இவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போய்க் கேட்டால், கேட்டது நியாயமாக இருந்தாலும் நம்பிக்கை உடைந்துவிடும். அவருடைய புத்தகத்தை அவரிடம் மட்டும் திறவுங்கள்.

நேரமும் முக்கியம். போன முறை எப்போது கேட்டீர்கள் என்று எழுதவில்லை. மாதக் கணக்கைக் கூட்டி முடித்து அவர் முன்னால் வைக்கும் அன்று, பின்னேரப் பாண் இறங்கிச் சனம் குறைந்த பிறகு கேளுங்கள். மா லொறி வந்து பில் நீட்டுகிற நாளில் மட்டும் வாய் திறக்காதீர்கள்.